வலிப்பு உண்டா என்று ஏழாவது கேள்வி

போன வாரம் என் பழைய ஆபீஸிலிருந்து சுப்பிரமணியன் வீட்டுக்கு வந்திருந்தான். நான் வருஷக்கணக்காகத் தேய்த்த நாற்காலியில் இப்போது அவன் உட்கார்ந்திருக்கிறான். அதனால் மாதம் ஒரு தடவையாவது டாலிகஞ்ச் டிராமில் ஏறி வந்து என் வீட்டுக் காபியைக் குடிப்பது தன் கடமை என்று நினைக்கிறான். விமானப் பயிற்சிக்கு மனுப் போட்டு வரும் பையன்களிடம் இனி யாரும் உட்கார்ந்து வியாதி விவரம் கேட்கப் போவதில்லையாம். அச்சடித்த தாளைக் கையில் கொடுத்துவிடுகிறார்களாம். 'உண்டு', 'இல்லை' என்று அவர்களே ஒரு கோடு போட்டுவிட்டால் போதுமாம்.

"அரை மணி நேர வேலை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடறது சார்" என்றான்.

எனக்கு முன்கோபம் உண்டு. நான் ஓய்வு பெற்றேனே தவிர அது பெறவில்லை. "அஞ்சு நிமிஷ வேலைக்கு உனக்கு எதுக்குடா நாற்காலி?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "அப்ப அந்த அரை மணி நேரத்துல நீங்க என்ன பண்ணினேள்னு எழுதிக் கொடுங்கோ, எல்லார்கிட்டயும் காட்டறேன்" என்றான். எழுதுகிறேன். ஆனால் அவன் எதிர்பார்க்கும் பெருமை இதில் அதிகம் இருக்காது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்த தப்பைத்தான் எழுதப் போகிறேன்.

கும்பகோணத்தில் டைப்பும் சுருக்கெழுத்தும் பாஸ் பண்ணிவிட்டுப் பத்தொன்பது வயதில் ஹௌரா ஸ்டேஷனில் வந்து இறங்கியவன் நான். சணல் கம்பெனியில் நாலு வருஷம், ஒரு ஆஸ்பத்திரி ஆபீஸில் சில வருஷம் என்று ஓடியது. வங்காளி பேசப் பழகியதும், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று பெயர் வாங்கியதும் அங்கேதான். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் என்னை ராணுவ மருத்துவ போர்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். முப்பதுகளின் தொடக்கம் அது. இந்தியப் பையன்களுக்கும் ராணுவ விமானம் ஓட்டக் கற்றுத் தருவது என்று அப்போதுதான் முடிவாகியிருந்தது. அலிப்பூர் பக்கம் ஒரு பழைய பங்களாவில் எங்கள் போர்டு உட்காரும்.

போர்டுக்குத் தலைவர் ஒரு மேஜர். வெள்ளைக்காரர், ஒல்லி, அதிகம் பேசமாட்டார். ஒவ்வொரு பையனைத் தொடுவதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். காதுக்குள் பார்க்கும் உலோகக் குழலை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டுதான் காதருகே கொண்டுபோவார். 'உன்னை எடுக்க முடியாது' என்று சொல்ல வேண்டி வந்தால் நின்றுகொண்டு சொல்லமாட்டார். அந்தப் பையனை உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்து, காரணத்தையும் சொல்லுவார். பல பையன்கள் அழுதுகொண்டே அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

வியாதி விவரப் பக்கத்தை நிரப்பும் வேலை என்னுடையது. முதல் நாள் எனக்கு அது புரியவில்லை. டாக்டர் நீங்கள் இருக்கும்போது நான் எதற்குக் கேட்க வேண்டும் என்றேன். "நான் முடிவு சொல்பவன். என்னிடம் ஜாக்கிரதையாகப் பேசுவான். நீ வெறும் குமாஸ்தா. உன்னிடம் உளறுவான்" என்றார். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரிதான். இருபத்திரண்டு கேள்விகள். காலையில் நான் வரிசையாகக் கேட்டு எழுதுவேன். சாப்பாட்டுக்குப் பிறகு அவரே அதே கேள்விகளைக் கடைசியிலிருந்து தலைகீழாகக் கேட்பார். காலைப் பதிலும் மத்தியானப் பதிலும் சேரவில்லையென்றால் பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டு அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருப்பார். முக்கால்வாசிப் பேர் அந்தப் பார்வையிலேயே நிஜத்தைச் சொல்லிவிடுவார்கள்.

பாரிசாலிலிருந்து வந்த ஒரு பையன், குளிர் காய்ச்சல் வந்ததுண்டா என்ற கேள்விக்கு "கக்கொனோ நா" என்று அடித்துச் சொன்னான். ஒருபோதும் இல்லையாம்! மேஜர் அவனைப் படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்தார். குளிர் காய்ச்சல் அடிக்கடி வந்தவனுக்கு வீங்கும் மண்ணீரல் அது; மூன்று விரற்கடை வீங்கியிருந்தது. "பையன் இல்லை என்கிறான், மண்ணீரல் உண்டு என்கிறது, இரண்டையும் எழுது" என்றார். இன்னொருவன் கண் பரிசோதனைக்கு உள்ளே வந்ததும் வராததுமாக எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தான். அட்டையை நாங்கள் அன்றைக்கு இன்னும் மாட்டவே இல்லை. வெளியே பெஞ்சில் முதல் நாள் வந்தவனிடம் பாடம் கேட்டிருக்கிறான். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்து, எவன் பொய் சொன்னாலும் எனக்குத் தெரியும் என்ற தலைக்கனம் எனக்கு வந்துவிட்டது. நான் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்ததே இல்லை.

ஒரு ஜூன் மாதம், காலை முதல் ஆளாக என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவன் சேஷு.

சேஷு யார் என்று சொல்ல வேண்டும். காளிகாட்டில் என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அவன் அப்பா என் சிநேகிதர், காலமாகிவிட்டார். அம்மா அலமேலு என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், அதனால் அவனுக்கு நான் மாமா. சேஷுவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் தெருவில் ராமநவமி பஜனை நடந்தது. சித்திரை வெயில், கூடம் முழுக்க ஜனங்கள். பூஜை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது என்று பையன்களும் பட்டினி. நான் வாசலில் செருப்புகளை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே திடீரென்று சத்தம். "வலிப்பு! வலிப்பு! யாராவது இரும்பு கொடுங்கோ!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். சேஷு தரையில் கிடந்தான். என் மடியில் ஆபீஸ் அலமாரிச் சாவிக்கொத்து இருந்தது. அதை எடுத்து அவன் கையில் வைத்து அழுத்தி மூடினேன். கொஞ்சத்தில் கண்ணைத் திறந்துவிட்டான்.

அன்றிலிருந்து தெருவில் நான் ஒரு சின்ன வீரன். 'மாமா சமயத்துல சாவி கொடுத்தார், குழந்தை பிழைச்சான்' என்று அலமேலு பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவாள். நானும், ஏன் மறைக்க வேண்டும், நாலு இடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சேஷு வலிப்புக்காரப் பையன் என்பது எங்கள் ஜனங்களுக்குள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவன் எதிரில் மட்டும் யாரும் பேசமாட்டார்கள்.

அந்த சேஷுதான் பத்தொன்பது வயதில், அம்மாவுக்குத் தெரியாமல் மனுப் போட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தான். தெரிந்த பையன் வந்தால் மேஜரிடம் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும் என்பது விதி. நான் எழுந்திருக்கவில்லை. முதல் கேள்வியைக் கேட்டேன். ஏழாவதுக்கு வந்தபோது என் குரல் இறங்கிப்போயிற்று.

"வலிப்பு உண்டா?"

என் முகத்தைப் பார்க்காமல், மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, "இல்லை" என்றான்.

எட்டாவது, மயக்கம் போட்டு விழுந்ததுண்டா என்பது. அதற்கும் இல்லை என்றான்.

இரண்டையும் எழுதினேன். முத்துமுத்தான கையெழுத்தில் எழுதினேன். பக்கத்தின் கீழே அவன் கையெழுத்து, அதற்கும் கீழே என் கையெழுத்து.

பரிசோதனையில் பையன் பிரமாதப்படுத்தினான். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் பதினைந்து வினாடி நிற்கச் சொன்னால் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் தள்ளாடுவார்கள். இவன் அசையாமல் நின்றான். பாதரசக் குழாயை ஊதி, ஏறிய பாதரசம் இறங்காமல் மூச்சைப் பிடித்து நிறுத்த வேண்டும். மேஜர் போதும் என்று சொன்ன பிறகுதான் விட்டான். கடைசியில் உடுப்பைக் களைந்து நின்றபோது, இடுப்பில் அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த ஒரு இரும்பு வளையத்தை மேஜர் பார்த்துவிட்டார்.

"இது என்ன?"

"எங்கள் வழக்கம் சார்" என்றான் சேஷு.

மேஜர் என்னைக் கூப்பிட்டார். "நீயும் தெற்கத்திக்காரன்தானே. இது எதற்கு?"

அலமேலு தன் கையால் கட்டியது அது. வலிப்பு வராமலிருக்க. எனக்குத் தெரியும். "கண் திருஷ்டிக்கு சார்" என்றேன்.

மேஜர் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் தயிர்சாதப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். காலையில் எழுதியது ஒரு பொய் என்றால், இப்போது அதற்குத் துணைக்கு இன்னொன்று. அதைவிட வேறொரு நினைப்பு என்னை உலுக்கியது. விமானம் மேலே இருக்கும்போது பையனுக்கு வலிப்பு வந்தால்? அங்கே யார் சாவி கொடுப்பார்கள்?

வெளியே வேப்பமரத்தடியில் சேஷு நின்றிருந்தான். நேராகப் போய்ச் சொன்னேன்.

"சேஷு, நான் மேஜர்கிட்ட நிஜத்தைச் சொல்லிடப் போறேன்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, வேண்டாம் மாமா. நாலு வருஷமா அம்மாவுக்குத் தெரியாம லேக்ல நீந்தறேன். காலேஜ்ல ஃபுட்பால் ஆடறேன். ஒரு தடவைகூட வரலை. அந்த வியாதி போயிடுத்து மாமா."

"போயிடுத்தான்னு நீயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. அதைச் சொல்றதுக்குத்தான் அவர் இருக்கார்."

"சொன்னா அத்தோட முடிஞ்சுடும். அப்பறம் ஆயுசு பூரா நான் வலிப்புக்காரன்தான். அன்னிக்குக் காப்பாத்தின நீங்களே இன்னிக்குக் கொல்லாதீங்கோ."

அழுகையும் ஆத்திரமுமாக அவன் சொன்ன அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன். வேலை போவது நிச்சயம் என்று நினைத்துக்கொண்டேதான் மேஜர் அறைக் கதவைத் தட்டினேன். பையனைத் தெரியும் என்பது, ராமநவமி, சாவி, இரும்பு வளையம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

மேஜர் நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "நான் கூப்பிடுவதற்கு முன்னால் நீயாக வந்தாய். உட்கார்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டு என் முன்னால் வைத்தார். "இடது பக்கம் நீ கண்ணால் பார்த்ததை எழுது. வலது பக்கம் நீ நினைத்துக்கொண்டதை எழுது."

சுலபம் என்று பேனாவை எடுத்தேன். இடது பக்கத்தில், பையன் தரையில் கிடந்தான், நான் சாவியைக் கையில் வைத்தேன், கண் திறந்தான் என்று மூன்று வரி எழுதினேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. கை கால் வெட்டி இழுத்ததா? நான் பார்க்கவில்லை. வாயில் நுரை? பார்க்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டானா? தெரியாது. வலது பக்கமோ நிரம்பி வழிந்தது. பத்து வருஷமாக வலிப்பைப் பார்த்ததாகவே நான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பார்த்ததெல்லாம் என் சாவியைத்தான்.

"முதலில் பார்த்தவர் யார்?" என்று கேட்டார் மேஜர்.

மறுநாள் அலமேலுவை அழைத்து வந்தேன். மகன் செய்த காரியம் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மேஜர் எழுந்து நின்று அவளுக்கு நாற்காலி போட்டார். என்னை மொழிபெயர்க்க விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஞானம்மாள் என்ற திருநெல்வேலிக்கார நர்ஸை வரவழைத்திருந்தார். பையன்கள் காத்திருக்கும் பெஞ்சில் என்னையும் சேஷுவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார். நடுவில் கதவு திறந்திருந்தது.

"பயப்படாதீங்கம்மா, பிள்ளை விழுந்தப்ப நீங்க என்ன பார்த்தீங்களோ அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

அலமேலு தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மெல்லச் சொன்னாள். "பொம்மனாட்டிகள் பக்கம், பூஜை முடிஞ்சு கொடுக்கறதுக்குப் பானகம் விட்டு வெச்சுண்டிருந்தேன். காலம்பறலேர்ந்து பட்டினியா இருக்கானேன்னு அவன் மேலயே கண்ணா இருந்தேன். தூணோரம் நின்னுண்டிருந்தான். மூஞ்சி வெளுத்துப் போச்சு, வேர்த்துக் கொட்டித்து. 'அம்மா, கண்ணு இருட்டறது'ன்னான். அப்படியே தூணைப் பிடிச்சுண்டே சரிஞ்சுட்டான்."

கை கால் இழுத்ததா என்று கேட்டார்கள். இல்லை, துணி மாதிரித் துவண்டு கிடந்தான் என்றாள். நாக்கில் ரத்தம்? இல்லை. துணி நனைந்ததா? இல்லை. எவ்வளவு நேரம்? "தண்ணி தெளிச்சா. பாடிண்டிருந்த நாமாவளி முடியறதுக்குள்ள முழிச்சுண்டுட்டான்." முழித்ததும் முதலில் என்ன பேசினான்?

"பானகம் தீர்ந்துடுத்தான்னு கேட்டான்."

ஞானம்மாள் அதை இங்கிலீஷில் சொன்னபோது மேஜர், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம், அதற்குப் பிறகு எப்போதாவது வந்ததா என்றார். ஒருதடவைகூட இல்லை என்றாள் அலமேலு. கடைசியாகக் கேட்டார், "வலிப்பு என்று உங்களுக்கு யார் சொன்னது?"

அலமேலு திரும்பிக் கதவு வழியாக என்னைப் பார்த்தாள். "அண்ணா சாவி கொடுத்தாரே" என்றாள்.

மேஜர் நிதானமாக விளக்கினார். வெயில், பட்டினி, நெரிசல், நின்ற களைப்பு. குழந்தைக்கு மயக்கம் வந்திருக்கிறது. அது வலிப்பே இல்லை. வலிப்பு வந்தவன் நினைவு தெளிந்தவுடன் பானகம் கேட்கமாட்டான், தூங்கி வழிவான் என்றார்.

அலமேலு சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் கோணிப்போயிற்று. "அப்ப அவனுக்கு வியாதியே இல்லையா? ஸ்கூல்ல எல்லாக் கொழந்தையும் ஓடறச்சே இவனை மரத்தடில உக்கார வைக்கச் சொல்லி வாத்தியார்கிட்டச் சொல்லி வெச்சிருந்தேனே. தண்ணில இறங்க விடலை. யாராத்துக்கும் தனியா அனுப்பலை. விளையாட விட்டிருக்கலாமே!" என்று வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் சேஷு கைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் வேலி போட்டுக்கொண்டு வாழ்ந்த பத்து வருஷத்துக்கும் காரணம் நான்தான். அதற்காகத்தான் எனக்கு அவ்வளவு மரியாதையும் நடந்திருக்கிறது.

பிறகு மேஜர் சேஷுவை உள்ளே கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். தானும் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"ஏழாவது கேள்விக்குப் பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டு நிஜத்தைச் சொல்லியிருக்கிறாய். எட்டாவதற்கு நிஜமாகவே பொய் சொல்லியிருக்கிறாய். மயக்கத்துக்காக உன்னை நான் தள்ளமாட்டேன். ஆனால் உன்னிடம் ஒரு யந்திரத்தைக் கொடுப்பவர்கள், அதில் கோளாறு இருந்தால் நீ வந்து சொல்வாய் என்று நம்ப வேண்டும். மூன்று மாதம் கழித்து வா. இந்தப் பக்கத்தை உன் கையால் நீயே எழுது."

எனக்கு அவர் தண்டனை எதுவும் தரவில்லை. நான் எழுதிய இரண்டு பத்தித் தாளை ஃபைலில் சேர்க்காமல் என்னிடமே கொடுத்துவிட்டார். அவர் நினைத்திருந்தால் ஒரே வரியில் என் பிழைப்பு போயிருக்கும். மனைவி, மூன்று குழந்தைகள், ஊர் விட்டு ஊர் வந்த குடும்பம். அன்றைக்கு அவர் செய்ததை நினைக்காமல் நான் ஒருநாள் கூடப் பென்ஷன் வாங்கினதில்லை. அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு இருக்கும். வந்த பையன் தானே பார்த்தது ஒரு பக்கம், மற்றவர்கள் சொல்லக் கேட்டது ஒரு பக்கம். அந்தக் கோட்டைப் போடத்தான் சுப்பிரமணியா, அரை மணி நேரம் பிடித்தது.

அலமேலு மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. கோவிலில் பார்த்தால் ஒதுங்கிப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

செப்டம்பரில் சேஷு மறுபடி வந்தான். எட்டாவது கேள்விக்கு ராமநவமியையும் பட்டினியையும் பானகத்தையும் ஒன்றுவிடாமல் எழுதினான். மேஜர் தேறினதாகக் கையெழுத்துப் போட்டார். ஆனால் பையனுக்கு இருபத்தோரு வயது ஆகவில்லை, பெற்றவள் சம்மதம் வேண்டும். அந்தத் தாளை அவளிடம் கொண்டுபோகத் தனக்குத் தைரியமில்லை என்று சேஷு என்னிடம் கொடுத்தான். எனக்கு மட்டும் இருந்ததா என்ன? இருந்தாலும், வங்காளிகள் பட்டம் விடும் விச்வகர்மா பூஜை விடுமுறையன்று காலையில் எடுத்துக்கொண்டு போனேன்.

அலமேலு அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். இங்கிலீஷ் புரியாமல் திருப்பிக் கொடுத்தாள். நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். ஆபத்து உண்டு என்ற வரியையும் விடாமல் சொன்னேன்.

"எத்தனை உசரம் போவான் அண்ணா?"

மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து 'அண்ணா' வந்தது. உள்ளதைச் சொன்னேன். "தெரியாதும்மா. மேகத்துக்கு மேலன்னு சொல்றா. எனக்குத் தெரியாததை இனிமே சொல்றதில்லை."

"பயமாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா இல்லாத வியாதிக்குப் பத்து வருஷம் பயந்தாச்சு. அதைவிட இது தேவலை."

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, தமிழில், எழுத்தெழுத்தாக, தன் பெயரை எழுதினாள். பிறகு தலையை நிமிர்த்தி, உள்ளறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்தாள். தெரு முழுக்க மொட்டை மாடிகளில் பட்டம் பறந்துகொண்டிருந்தது. "போகாட்டா!" என்று, எதிராளி பட்டம் அறுந்தால் போடும் வங்காளிக் கூச்சல் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

"அங்க என்னடா நிக்கறே? எல்லாரும் மாடில பட்டம் விடறா. நீயும் போ."

சேஷு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான். நாங்களும் பின்னால் போனோம். விமானம் ஓட்டப் போகிறவனுக்குப் பட்டம் விடத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் குழந்தை ஒன்று நூலை எப்படி விட்டுப் பிடிப்பது என்று அவனை அதட்டிச் சொல்லிக்கொடுத்தது. அவன் மேலே பார்த்தபடியே பின்னால் பின்னால் நகர்ந்து, கைப்பிடிச் சுவர் ஓரத்துக்கு வந்துவிட்டான். 'ஜாக்கிரதைடா' என்று எனக்குத்தான் வாய்வரை வந்துவிட்டது. அலமேலு புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூப்பிடாமல் நின்றாள்.